எழுத்தா, நடிப்பா: நமது குறும்படங்கள் எந்த இடத்தில் விழுகின்றன?

கேள்வி: உப்புவெளி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் சிலரோடு சில காலமாகப் பழகி வருகிறேன். நான் படம் எடுப்பவன் அல்லன். அவர்கள் எழுதும் திரைக்கதைப் பிரதிகளை வாசித்துக் கருத்துச் சொல்வதும், திரையிடல்களுக்கு ஆட்களை அழைத்து வருவதுமே என் பங்கு. அந்தத் திரையிடல்களில் தொடர்ந்து கவனித்து வரும் ஒரு விடயத்தைப் பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

படம் முடிந்ததும் பார்வையாளர்கள் ஒளிப்பதிவைப் பாராட்டுகிறார்கள். கோணேசர் மலையடியில் எடுத்த காட்சி அழகாக இருந்தது, ட்ரோனில் துறைமுகத்தைக் காட்டிய விதம் இந்தியப் படங்களுக்குச் சற்றும் குறைந்ததல்ல என்கிறார்கள். கதையில் வந்த தாயைப் பற்றியோ மகனைப் பற்றியோ எவரும் வாய் திறப்பதில்லை. அந்த மகன் எடுத்த முடிவு சரிதானா என்று இரண்டு பேர் வாதாடிக்கொண்டே மண்டபத்தை விட்டு வெளியேறுவதைப் பார்க்க எனக்கு ஆசை. இதுவரை அது நடக்கவில்லை.

ஏன் என்று கேட்டால் குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. நமக்கு நடிகர்கள் இல்லை, மேடையில் பேசிப் பழகியவர்களும் ஒருநாளும் நடித்திராதவர்களும்தான் இருக்கிறார்கள், ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ தேர்ந்த நடிகர் ஒருவரைச் செலவு செய்து அழைத்து வர வேண்டும் என்பது ஒரு கட்சி. பிரதியே பலவீனமானது, எந்தப் பெரிய நடிகர் வந்தாலும் அந்த வசனங்களைப் பேசி ஒருவரையும் அசைக்க முடியாது, ஆகவே படப்பிடிப்பைத் தள்ளிவைத்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டும் என்பது மற்றக் கட்சி. கையில் இருக்கும் பணமும் காலமும் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும்.

என் கேள்விகள் இரண்டு. ஒரு காட்சி படுத்துவிட்டால், அதற்குக் காரணம் எழுத்தா நடிப்பா என்று பார்வையாளராக இருந்து எப்படிப் பிரித்தறிவது? ஒன்று பலவீனமாக இருக்கும்போது மற்றொன்று உண்மையாகவே படத்தைக் காப்பாற்றிய எடுத்துக்காட்டுகள் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகவே எழுதுங்கள், குழுவினருக்கு அப்படியே வாசித்துக் காட்டுவேன்.

பதில்: தம்பலகாமம், ஓய்வுபெற்ற அரங்கியல் ஆசிரியர்

உங்கள் முதற் கேள்விக்கு என் நெடுநாள் வகுப்பறைப் பழக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். காட்சியில் ஒருவர் பேசும் வசனத்தை எடுத்து அடுத்தவர் வாயில் வைத்துப் பாருங்கள். எந்த இழப்பும் இல்லாமல் அது பொருந்துமானால் அது எழுத்தின் குறை. அந்த வசனம் ஒரு மனிதருக்கென்று எழுதப்படவில்லை, ஒரு கருத்துக்கென்று எழுதப்பட்டிருக்கிறது. வசனம் அந்த மனிதருக்கே உரியதாக இருந்தும் காட்சி படுத்துவிட்டால், பேசாமல் நிற்பவரின் முகத்தைப் பாருங்கள். எதிரில் நிற்பவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே அவர் கண்கள் கலங்கத் தொடங்கியிருந்தால் அவர் கேட்கவில்லை, தன் முறை வரும் வரை காத்திருக்கிறார். அது நடிப்பின் குறை. பாடசாலைப் போட்டி நாடகங்களில் இந்த இரண்டாவது நோய் மிகப் பரவலானது. அங்கே பயின்றவர்களே நமது குறும்படங்களிலும் நடிக்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுத்தும் நடிப்பும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்பதற்கு நான் வகுப்பில் எப்போதும் எடுத்துக்கொள்ளும் காட்சி, 1965இல் வெளிவந்த திருவிளையாடல் படத்தில் வரும் தருமியின் காட்சி. கோயில் திருவிழாக்களில் அந்த வசனத்தை ஒலிபெருக்கியில் கேட்டே வளர்ந்த தலைமுறை எங்களுடையது. படத்தைப் பார்க்காதவர்களுக்குக்கூட வசனம் மனப்பாடம். இருந்தாலும், வசனத்தை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு அந்தக் காட்சியில் ஏ. பி. நாகராஜன், தருமியாக நடித்த நாகேசுக்கு எழுதிக் கொடுத்திருப்பவை என்னென்ன என்று பாருங்கள். தருமிக்கு வறுமை இருக்கிறது. மன்னனின் ஐயத்தைத் தீர்க்கும் பாட்டுக்கு ஆயிரம் பொற்காசு என்ற தெளிவான இலக்கு இருக்கிறது. தன்னால் அந்தப் பாட்டை எழுத முடியாது என்ற உண்மை இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள விடாத புலவர் என்ற கௌரவம் இருக்கிறது. பாடலை இலவசமாகத் தருகிறேன் என்று ஒருவர் வந்து நிற்கும்போது, பரிசும் வேண்டும், கௌரவமும் குறையக்கூடாது என்று அவர் மனம் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. மெலிந்த அந்த உடம்பு முன்னுக்கு வருவதும் பின்னுக்குப் போவதும் அந்த இழுபறியால்தான். நாகேசின் திறமை ஒப்பற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் திறமைக்குப் பிடிகொம்பாக ஒரு தேவையும் ஒரு பயமும் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன. இத்தனைக்கும் படத்தில் நக்கீரராக நடித்தவரும் நாகராஜனே. எழுதியவரே நடிகராகவும் இருந்ததால், நடிகருக்கு எது தேவை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்று நான் நம்புகிறேன்.

நமது இளைஞர்கள் எழுதும் பிரதிகளில் பாத்திரங்களுக்குக் கருத்து இருக்கிறது, துயரம் இருக்கிறது, இந்தத் தேவை மட்டும் இருப்பதில்லை. தாய் அழுகிறாள், மகன் விளக்கம் சொல்கிறான். அந்த நிமிடத்தில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு என்ன வேண்டும் என்பது எழுதப்படாதபோது, நடிக்க வந்த பெண் என்னதான் செய்வார்? அழுகையை மட்டும் பெரிதாக்குவார். அதைப் பார்த்துவிட்டு அவருக்கு நடிக்கத் தெரியவில்லை என்று சொல்வது அநியாயம்.

நீண்ட வசனம் என்றாலே பிழை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1952இல் வந்த பராசக்தியின் நீதிமன்றக் காட்சி முழுக்க முழுக்கப் பேச்சுத்தான். கருணாநிதியின் அடுக்குமொழியை, நாடகக் கம்பெனியில் சிறு வயதிலிருந்தே வளர்ந்த சிவாஜி கணேசன் தன் முதற் படத்திலேயே எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று அறிந்து பேசினார். அந்த எழுத்து அப்படிப்பட்ட ஒரு மூச்சுக்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது. அதே நடையில் இன்றைக்கு ஓர் இளைஞர் எழுதி, அதைப் பேசிப் பழகாத ஒருவரிடம் கொடுத்தால், எழுத்தும் நடிப்பும் ஒன்றாகவே விழும்.

ஆகவே என் ஆலோசனை, திரும்ப எழுதுங்கள் என்பதுதான். வெளியூர் நடிகருக்குக் கொடுக்கும் பணத்தை ஒத்திகை நாட்களின் சாப்பாட்டுக்கும் பஸ் செலவுக்கும் ஒதுக்குங்கள்.

பதில்: கிண்ணியாப் பார்வையாளர்

ஆசிரியர் ஐயாவின் கருத்தை மதிக்கிறேன், ஆனால் முழுதாக ஏற்க முடியவில்லை. அவர் சொல்வதைக் கேட்டால் நடிகர் எழுத்தாளரின் கட்டளையை நிறைவேற்றுபவர் போலத் தோன்றுகிறது. எழுதவே முடியாத சிலவற்றை நடிகர் கொண்டு வருகிறார், அவற்றாலேயே சில படங்கள் நிற்கின்றன.

பிரசன்ன விதானகே இயக்கிய புரஹந்த களுவர என்ற சிங்களப் படத்தைக் குழுவினர் கட்டாயம் பார்க்க வேண்டும். 1997ஆம் ஆண்டுப் படம். போருக்குப் போன மகனின் உடல் என்று முத்திரையிட்ட சவப்பெட்டி ஒன்று வீட்டுக்கு வருகிறது. பார்வையற்ற தந்தை, மகன் இறந்ததை நம்ப மறுக்கிறார். தந்தையாக நடித்த ஜோ அபேவிக்ரம படத்தில் பேசுவது மிகக் குறைவு. ஊரும் உறவும் அதிகாரிகளும் எதிரில் நிற்க, அந்த முதியவரின் நடையிலும் கையிலும் தெரியும் பிடிவாதத்தை எந்தப் பிரதியிலும் வரி வரியாக எழுதிவிட முடியாது. தமிழ் மட்டுமே தெரிந்த எனக்கு, மொழிபெயர்ப்பு எழுத்துகளை வாசிக்க மறந்துபோகும் அளவுக்கு அந்த முகம் போதுமாக இருந்தது.

பாலு மகேந்திராவின் வீடு (1988) படத்தில் சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தாவும் அப்படித்தான். மட்டக்களப்பில் பிறந்த நம்மவர் ஒருவர் எடுத்த படம் என்பதற்காகச் சொல்லவில்லை. பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாக வரும் அந்த முதியவர், சுவர்களைத் தொட்டுத் தொட்டு உள்ளே நடக்கிறார். அங்கே வசனம் எதற்கு? எழுதுவதென்றால் ‘தாத்தா வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார்’ என்ற ஒரு வரிதான் எழுத முடியும்.

நல்ல நடிகரைத் தேடுவதில் பணம் செலவழிப்பது வீண் அல்ல என்பதே என் நிலைப்பாடு.

பதில்: பாலையூற்று, ஒலிப்பதிவு செய்பவர்

கிண்ணியா நண்பர் குறிப்பிட்ட தாத்தா காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கணத்துக்கு முன்பு, சம்பளத்தில் வாழும் ஒரு பெண் கடன், அனுமதி, ஒப்பந்தக்காரர் என்று ஒவ்வொரு படியாக அலைவதைப் படம் பொறுமையாகக் காட்டியிருக்கிறது. சுவரைத் தொடும் கையில் நமக்குத் தெரிவது அந்த அலைச்சல் முழுவதும்தான். ஒரு வரியில் எழுதக்கூடிய காட்சி என்பது உண்மை. அந்த ஒரு வரி போதும் என்ற நிலைக்குக் கதையைக் கொண்டு வந்து நிறுத்தியது எழுத்தின் வேலை.

நான் எழுத வந்தது வேறு விடயம். எழுத்தையும் நடிப்பையும் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். நமது படங்களில் அவை இரண்டும் சேர்ந்தே செத்துப்போகும் ஓர் இடம் உண்டு, அது குரல். படப்பிடிப்பில் நன்றாக நடித்த பிள்ளைகளைத் திரையில் பார்க்கும்போது பொம்மைகள் போல இருப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். காரணம் எளிது. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும்போது கடற்கரையில் வைத்துக் காட்சியை எடுக்கிறார்கள். கமராவிலேயே இருக்கும் மைக்கில் காற்றின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் பதியாது. ஒரு மாதம் கழித்து அதே பிள்ளையை ஓர் அறைக்குள் இருத்தி, தாளைப் பார்த்து வசனத்தைத் திரும்பப் பேச வைக்கிறார்கள். கயிறு இழுத்தபடி மூச்சு வாங்கப் பேசிய வசனத்தைக் கதிரையில் அமர்ந்து பேசினால் உடம்பு ஒன்றும் குரல் ஒன்றுமாகப் பிரிந்துவிடும். தமிழ்நாட்டுப் படங்களில் நெடுங்காலமாகவே குரலைப் பின்னர் சேர்க்கும் வழக்கம் இருந்து வருகிறது என்றாலும், அங்கே அதற்கென்றே பழகிய கலைஞர்கள் இருக்கிறார்கள், தொழில்நுட்பமும் இருக்கிறது. நம்மிடம் இரண்டும் இல்லை. சட்டையில் கொளுவும் சிறிய மைக் ஒன்றை வாங்குங்கள், பேச்சு உள்ள காட்சிகளைக் காற்று எழும்பும் முன் விடியற்காலையில் எடுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குள் வைத்து எடுங்கள். ட்ரோனுக்குக் கொடுக்கும் வாடகையில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

குரலோடு சேர்ந்த இன்னொன்று பேச்சு வழக்கு. வீட்டில் நம்மைப் போலக் கதைக்கும் பிள்ளை, கமராவுக்கு முன்னால் வந்ததும் சென்னைப் படத்தின் தமிழில் பேசத் தொடங்குகிறது, ஏனென்றால் பிரதியே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. தனக்குப் பழக்கமில்லாத ஒலிகளைச் சரியாக உச்சரிப்பதிலேயே நடிகரின் கவனம் முழுவதும் போய்விட்டால், எதிரில் நிற்பவரை எப்படிக் கேட்பார்? இலங்கைத் தமிழ்ப் படங்களில் இதை விலக்கி நின்றவை உண்டு. காவலூர் இராசதுரை எழுத, தர்மசேன பத்திராஜா 1977இல் யாழ்ப்பாணத்தில் இயக்கிய பொன்மணியில் அந்த ஊர்க் குடும்பம் ஒன்று தன் மொழியிலேயே பேசியது. நம் மாவட்டத்திலோ நகரத்தார் பேச்சு ஒன்று, மூதூர், கிண்ணியா முஸ்லிம் மக்களின் பேச்சு இன்னொன்று, தம்பலகாமத்து வயற்கரைப் பேச்சு வேறொன்று. இத்தனை செல்வம் இருந்தும், படத்தில் எல்லோரும் ஒரே வாயால் பேசுகிறார்கள். நமது பேச்சைத் திரையில் நகைச்சுவைக்காகவே கேட்டுப் பழகிவிட்டதால், துயரத்தை அந்தப் பேச்சில் எழுதினால் மண்டபத்தில் சிரிப்பார்கள் என்ற பயம் இளைஞர்களிடம் இருக்கிறது. முதல் இரண்டு நிமிடம் சிரிப்பார்கள்தான், பிறகு கேட்பார்கள்.

மறுமொழி: உப்புவெளி வாசகர்

மூவருக்கும் நன்றி. குழுவினருக்கு வாசித்துக் காட்டினேன். அவர்களின் சம்மதத்தோடு ஒரு காட்சியின் சுருக்கத்தைத் தருகிறேன், இதையே வைத்துச் சொல்வது பயனாக இருக்கும்.

நிலாவெளிப் பக்கத்துக் கரைவலைத் தொழிலாளி ஒருவரின் மகன், கட்டாரில் வேலைக்குப் போக முடிவு செய்துவிட்டான். மறுநாள் காலையில் கொழும்புக்குப் போக வேண்டும். மாலையில் கடற்கரையில் தந்தையிடம் அதைச் சொல்கிறான். பிரதியில் இரண்டு பக்க வசனம் இருக்கிறது. கடன், தங்கையின் திருமணம், கடலில் மீன் குறைந்தது, இளைஞர்களின் எதிர்காலம் என்று எல்லாவற்றையும் மகன் விளக்குகிறான். தந்தை மண்ணின் பெருமையையும் தொழிலின் பெருமையையும் பேசி, இறுதியில் கண்ணீரோடு ஆசீர்வதிக்கிறார். தந்தையாக நடிக்க மேடை நடிகர் ஒருவரை எண்ணியிருக்கிறார்கள்.

பதில்: தம்பலகாமம், ஓய்வுபெற்ற அரங்கியல் ஆசிரியர்

இந்தக் காட்சியில் உள்ள இருவருக்கும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒன்றும் வேண்டியதாக இல்லை. மகன் முடிவு செய்துவிட்டான், தந்தை ஆசீர்வதிக்கப் போகிறார். நடுவில் இருக்கும் இரண்டு பக்கமும் பார்வையாளருக்காகப் பேசப்படுபவை. கடனும் மீன் குறைந்ததும் தந்தைக்குத் தெரியாதா? தெரிந்த ஒன்றை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் குடும்பம் எந்த ஊரில் இருக்கிறது?

மகனைச் சொல்ல விடாதீர்கள். சொல்ல வந்தவனால் சொல்ல முடியவில்லை என்று எழுதிப் பாருங்கள். வலை கரை சேர்ந்து, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். தந்தை ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுத் தாள்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். எண்ணியபடியே, மகனைப் பார்க்காமல், ‘நாளைக்கு வெள்ளன வரோணும், கயிறு பிடிக்க ஆக்கள் காணாது’ என்கிறார். இப்போது மகனுக்கு ஒரு பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை. ஓம் என்றால் பொய், இல்லை என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவன் ஒன்றும் சொல்லாமல் கயிற்றைச் சுற்றத் தொடங்குகிறான். தந்தை எண்ணுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார். நடிக்க இருவருக்கும் இப்போது ஒரு வேலை கிடைத்துவிட்டது. தந்தைக்கு எவ்வளவு தெரியும் என்பதை எழுதுபவர் முடிவு செய்து, அந்த நடிகருக்கு மட்டும் சொல்லி, மகனாக நடிப்பவருக்குச் சொல்லாமல் ஒத்திகை பாருங்கள். ஒருவரையொருவர் உண்மையாகவே கவனிக்கத் தொடங்குவார்கள்.

மகேந்திரன் எழுதி இயக்கிய உதிரிப்பூக்கள் (1979) படத்தின் கடைசிப் பகுதியை இதற்காகப் பார்க்கச் சொல்லுங்கள். ஊரையே வதைத்த சுந்தரவடிவேலு, தன்னைச் சாகச் சொல்லும் ஊராரிடம் கெஞ்சவில்லை. நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல மாற்றிவிட்டேன், நான் செய்த தவறுகளிலேயே பெரிய தவறு அதுதான் என்று சொல்லிவிட்டு ஆற்றுக்குள் இறங்குகிறான். அவனாக நடித்த விஜயன் அதைச் சத்தமின்றி, ஏறக்குறைய சாதாரணப் பேச்சாகவே சொல்கிறார். அழுது கதறிச் சொல்லியிருந்தால் நமக்கு அவன்மேல் இரக்கம் வந்திருக்கும், ஊராரின் பக்கம் திரும்பி அவர்கள் செய்வதைப் பார்த்திருக்க மாட்டோம். எழுதியவர் பழியைத் திருப்பிப் போட்டார், நடித்தவர் குரலை உயர்த்தாமல் அதற்கு இடம் விட்டார்.

கிண்ணியா நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் பேச்சில் உள்ள உண்மையை நான் மறுக்கவில்லை. இந்தத் தந்தை வேடத்துக்கு மேடை நடிகரைத் தேடுவதை விட, கரைவலை இழுத்த கை உள்ள ஒருவரையே கேட்டுப் பாருங்கள். 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற தீபன் படத்தில் முதன்மைப் பாத்திரத்தை ஏற்ற ஷோபாசக்தி முதலில் எழுத்தாளர், தொழில்முறை நடிகராகப் பயின்றவர் அல்லர். தன் வாழ்க்கைக்கு அருகிலுள்ள ஒரு மனிதனை அவரால் திரையில் நிறுத்த முடிந்தது. ஆனால் அப்படி ஒருவரைத் தேர்ந்தால் இரண்டு பக்க வசனத்தை அவர் தலையில் கட்டக்கூடாது. அவர் கைக்குத் தெரிந்த வேலையைக் காட்சியில் எழுத வேண்டும்.

பதில்: கிண்ணியாப் பார்வையாளர்

ஐயா, இப்படி எழுதப்பட்டால் நானும் உங்கள் பக்கம்தான். ஒரு சிறு திருத்தம் மட்டும். தந்தை நிமிர்ந்து பார்த்ததோடு காட்சியை வெட்டிவிட வேண்டாம். அவர் திரும்பவும் குனிந்து, எண்ணிய தாள்களில் மகனின் பங்கைப் பிரித்து நீட்டட்டும், மகன் அதை வாங்குகிறானா இல்லையா என்பதைப் படப்பிடிப்பில் அந்த இரண்டு பேரும் தீர்மானிக்கட்டும். மூதூரில் கரைவலைத் தொழிலில் இருந்து ஓய்ந்த, நன்றாகக் கதை சொல்லக்கூடிய பெரியவர்கள் சிலரை எனக்குத் தெரியும். குழுவினர் விரும்பினால் வரும் ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் செல்கிறேன். பிரதியைக் கொண்டு வர வேண்டாம், முதலில் அவர்களைக் கதைக்க விட்டுக் கேட்போம்.